எது முதலில் என்பதைப் பிள்ளை மட்டும் முடிவு செய்ய முடியாது: டெல்டா பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கிறது. பேச வந்தவர் கால அட்டவணை போடச் சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளைகளும் போடுகிறார்கள். ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி, காலை 4 மணியிலிருந்து இரவு 11 மணி வரை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பிச் சுவரில் ஒட்டுகிறார்கள். இரண்டாம் நாள் ஒரு கட்டம் தவறும். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பிள்ளைக்குக் கூசும். அதன் பிறகு, ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

இதைப் பிள்ளையின் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அந்த அட்டவணையில் எழுதிய நேரத்தில் பாதி அந்தப் பிள்ளையின் கையிலேயே இல்லை. அம்மா கடைக்கு அனுப்புவார், அப்பா வயலுக்குக் கூப்பிடுவார், சிறப்பு வகுப்பு நீளும், டவுன் பஸ் வராது. வீட்டில் இருக்கும் ஒரே போனுக்குத் தம்பி, தங்கை என மூன்று பேர் காத்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் நேரம் பலபேர் கையில் இருக்கிறது. ஆகவே எது முதலில் என்று தீர்மானிப்பதும், அந்தப் பலபேரோடு பேசி எல்லாருக்கும் கட்டுபடியாகிற ஏற்பாட்டுக்கு வருவதும் ஒரே பாடம். இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் நிற்பதில்லை. வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம், ஜூன் முதல் ஜனவரி வரை இதற்கென்று ஒதுக்குங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அந்த 40 நிமிடத்தில் என்ன செய்வது என்பதைக் கீழே எழுதுகிறோம்.

முதல் வாரம் திட்டம் எதுவும் போடவேண்டாம். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முழுநீளத் தாளில் ஏழு பத்தி. காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அரைமணிக்கு ஒரு வரி, மொத்தம் 34 வரி. இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடத்தில் அன்று நடந்ததை நிரப்பவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து: தன் இஷ்டப்படி செலவழித்த நேரம் என்றால் ‘எ’, யார் சொன்னாலும் மாறாத நேரம் என்றால் ‘மா’, கேட்டால் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒருவர் கையில் இருக்கும் நேரம் என்றால் ‘கே’. தாளைப் பார்த்து யாரும் திட்டக்கூடாது, மதிப்பெண் போடக்கூடாது, வீட்டுக்குச் சொல்லி அனுப்பக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் பொய்யாக நிரப்பிக் கொடுப்பார்கள். பிறகு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு, ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் வாரத்தைக் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8 வீதம் 56. பள்ளி ஐந்து நாளுக்கு 35. பஸ்ஸுக்கு நிற்பதும் போய்வருவதும் 5. குளியல், சாப்பாடு, துணி, தலைபின்னல் நாளுக்கு இரண்டரை, ஆக 17½. வீட்டு வேலை நாளுக்கு ஒன்றரை, ஆக 10½. டியூஷன் ஐந்து நாளுக்கு 10. எல்லாம் சேர்த்து 134; மீதி 34. ‘முப்பத்துநாலு மணி நேரமா!’ என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் பள்ளி நாளில் இரண்டே மணி நேரம்; சனியும் ஞாயிறும் தலா 12. அந்த இரண்டு மணி நேரமும் கால்மணி, அரைமணித் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். யாரும் கூப்பிடாமல் 40 நிமிடம் சேர்ந்தாற்போலக் கிடைப்பது ஒருநாளில் ஒன்று இருந்தால் அதிகம். பள்ளி நாளில் ஐந்து மணி நேரப் படிப்பு என்று சுவரில் ஒட்டுகிற பிள்ளை மிச்ச மூன்று மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். அங்கேதான் அட்டவணை உடைகிறது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிடுவதை நல்ல வளர்ப்பின் அடையாளமாக நம் ஊர்களில் நினைக்கிறோம். பருவ வயதில் உடம்பின் தூக்கக் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் சுரக்கத் தொடங்கும் நேரம் தாமதமாவதால், எட்டரைக்குப் படுத்தாலும் பிள்ளைக்குக் கண் அசராது. 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் பரிந்துரைத்தது. இரவு பதினொன்றரைக்குத் தூங்கிய பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் நாலரை மணி நேரம்தான் ஆகிறது. படித்தது மனத்தில் பதிவதற்கும் அந்தத் தூக்கமே வேண்டும். ஆகவே தாளில் முதலில் நிரப்பவேண்டிய கட்டம் தூக்கம். காலையில் படித்தால்தான் ஏறுகிறது என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு, அவர்களைத் தடுக்கவேண்டாம். நாலரைக்கு எழுவதென்றால் எட்டரைக்கு வீட்டில் டிவி நிற்குமா என்பதை வீட்டோடு பேசி முடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து வேலைகளைப் பிரிக்கக் கற்றுக்கொடுக்கலாம். நாள் குறித்த வேலை, நாள் குறிக்காத வேலை, பிறர் வந்து கேட்கும் வேலை என்று மூன்று போதும். நாள் குறித்ததைப் பற்றிக் கவலை இல்லை, அதைச் செய்யவைக்க ஆசிரியரின் குரலே போதும். பிறர் கேட்பது தானாக வந்து நிற்கும். கெட்டுப்போவது நாள் குறிக்காத வேலைகள்தான்: போர்டு சரியாகத் தெரியவில்லை, கண் காட்டவேண்டும், கணக்கில் பத்தாம் வகுப்பிலேயே விட்ட முக்கோணவியலைத் திரும்பப் பார்க்கவேண்டும், மனஸ்தாபமான நண்பனோடு பேசவேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் இந்த வாரம் ஒன்றும் ஆகாது. அதனால்தான் வருஷம் முழுக்கத் தள்ளிப்போகின்றன.

சான்றிதழ் இதற்கு நல்ல உதாரணம். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறோம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாகப் போகிறது. ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் இன்னோர் எழுத்து என்று இருந்தாலே விண்ணப்பம் திரும்பி வரும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் இருக்கும் எல்லாருடைய படிப்பு விவரமும் வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த மே மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். நவம்பரிலோ சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்குகிற கூட்டம் கிராம நிர்வாக அலுவலர் வாசலில் நிற்கும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு சனிக்கிழமை காலை இந்த வேலைக்குப் போதும். வருமானச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் அதை மட்டும் கேட்கும் ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். மற்றதை முன்கூட்டியே முடிக்கலாம். இதை வகுப்பிலேயே செய்து பார்க்கவைத்தால், நாள் குறிக்காத வேலைக்கு நாமே நாள் குறிப்பது எப்படி என்பது பிள்ளைக்குப் புரியும். அறிவுரையால் புரியாது.

அந்த வகையிலிருந்து வாரத்துக்கு மூன்று வேலை போதும். நான்காவது எழுத அனுமதிக்காதீர்கள். எழுதும் விதமும் முக்கியம். ‘வேதியியல் படிக்கணும்’ என்பது ஆசை. ‘செவ்வாய் சாயங்காலம் ஆறரைக்கு, பெரியம்மா வீட்டுத் திண்ணையில், கரிம வேதியியலில் ஐந்து வினைகளைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது, 40 நிமிடம்’ என்பது வேலை. அதற்குக் கீழே தடை வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி: ‘கரண்ட் போனால், எழுதுவதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்’, ‘அப்பா மோட்டார் போடக் கூப்பிட்டால், அன்றே எட்டு மணிக்கு மாற்றுவேன்’. இப்படி முன்கூட்டியே எழுதிவைத்த பிள்ளை, தடை வரும்போது யோசித்துக்கொண்டு நிற்காது. வாரத்தில் ஒரு மாலையை வெறுமனே விட்டுவைக்கவும் சொல்லுங்கள். தவறியதெல்லாம் போய்ச் சேர அந்த இடம் வேண்டும். அது இல்லாத அட்டவணை ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்காது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் எல்லாருமே தவறுவோம். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக் கட்டுரையை எப்போது முடிப்பீர்கள் என்று கனடா மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே தாளில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண் இருக்கட்டும்: நினைத்தது, ஆனது. மூன்று வாரம் எழுதினால், இயற்பியல் ரெக்கார்டில் ஒரு சோதனை எழுத அரைமணி என்று நினைத்தது ஒருமணி ஆகிறது என்று பிள்ளைக்கே தெரியவரும். அதன்பிறகு நினைத்ததை இரண்டால் பெருக்கிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது. கடினமான பகுதி இனிமேல்தான்.

டெல்டாவின் சாகுபடிக் காலமும் பள்ளியின் தேர்வுக் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், குறுவை அறுப்பு காலாண்டுத் தேர்வை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளில் பாடம் பின்தங்கும். சம்பா அறுப்பு பொங்கலை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். திருப்புதல் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதே வாரங்களில். இந்த மோதலில் எப்போதும் பிள்ளை இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறது. பள்ளியில் பொறுப்பில்லை என்கிறார்கள், வீட்டில் ‘படிக்கிறேன்னு வேலைக்கு டிமிக்கி கொடுக்குது’ என்கிறார்கள்.

ஒரு பேச்சை அருகிலிருந்து பார்ப்போம். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியாயிற்று, முறை வர மூன்று நாள் ஆகும். ஈரப்பதம் வழக்கமான வரம்பு 17 சதவீதம். பனியோ மழையோ பட்டால் ஏறிவிடும். அப்பா பிளஸ் டூ மகனை மூன்று ராத்திரியும் காவலுக்கு வரச் சொல்கிறார். வியாழக்கிழமை இயற்பியல் செய்முறைத் தேர்வு. வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று: மகன் முறைத்துக்கொண்டு மாட்டேன் என்பான், அல்லது போய்ப் படுதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய போன் பார்த்துவிட்டு வருவான். இரண்டிலும் இருவருக்கும் நஷ்டம்.

சொல்லிக்கொடுக்கவேண்டியது ஒரு கேள்வி. “அப்பா, நான் அங்க இல்லன்னா எது கெட்டுப்போவும்?” இதைச் சண்டைக் குரலில் கேட்கக்கூடாது, தெரிந்துகொள்ளும் குரலில் கேட்கவேண்டும், வகுப்பில் இரண்டு பேரை நிறுத்திப் பேசிப் பழகவைத்தால்தான் அந்தக் குரல் வரும். பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மழ வந்தா படுதா இழுக்க ஒத்த ஆளால முடியாதுடா. கண்ணசந்தா மாடு வந்து வாய வைக்கும்.” இப்போது விஷயம் வெளியே வந்துவிட்டது. அப்பாவுக்கு வேண்டியது மகன் இல்லை. மழை வந்தால் இரண்டாவது ஆள், மாறிமாறிக் கண்ணசர ஒரு துணை. பக்கத்துக் குவியல்காரருக்கும் அதே தேவை. இரண்டு வீடும் சேர்ந்து ஆளுக்குப் பாதி ராத்திரி விழித்திருந்து, மழை வந்தால் இருவருமாக இரண்டு குவியலையும் மூடினால் யாரும் மூன்று ராத்திரி கண்விழிக்கவேண்டாம். மகன் செவ்வாய், புதன் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் பள்ளி விட்டு வந்து எட்டு மணி வரை குவியல் பார்ப்பான், அப்பா வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வரலாம். தேர்வு முடிந்த வியாழக்கிழமை ராத்திரியும் சிப்பம் பிடிக்கிற வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அவன் பொறுப்பு.

இதில் கவனிக்கவேண்டியது, மகன் வெறுங்கையோடு கேட்கவில்லை. கொடுப்பது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்கிறான். அதுவும் அப்பாவுக்கு உண்மையிலேயே உதவுகிற ஒன்றை. ‘நான் படிச்சாத்தானே உங்களுக்கு நல்லது’ என்று பேசத் தொடங்கும் பிள்ளைகள் அங்கேயே தோற்கிறார்கள், ஏனென்றால் அந்த நல்லது எப்போதோ வரப்போவது. நெல் இன்றைக்கு நனைகிறது. கேட்கும் நேரமும் பார்க்கவேண்டும். வயலிலிருந்து வந்த உடனே, சாப்பாட்டுக்கு முன், உறவினர் முன்னிலையில் கேட்டால் நியாயமான கோரிக்கையும் மறுக்கப்படும். இரண்டு வழியாவது கையில் வைத்துக்கொண்டு பேசப் போகவேண்டும். ஒன்றே ஒன்றை நீட்டினால் வீட்டுக்கு ஆம், இல்லை தவிர வேறு பதில் இருக்காது.

பேசி முடித்ததை மாதக் காலண்டரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இதற்கு நம் வாய்க்கால் முறையைவிட நல்ல பாடம் இல்லை. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, தலைமடைக்காரர் எப்போது மடையைத் திறக்கலாம், எப்போது அடைக்கவேண்டும், அடைக்காவிட்டால் யார் வந்து கேட்பது என்று மூன்றும் தெளிவாக இருந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். எல்லாரும் அனுசரித்துப் போவோம் என்று மட்டும் பேசிவிட்டு எழுந்தால் நடவு காயும். பிள்ளையின் ஏற்பாட்டிலும் அந்த மூன்றும் வேண்டும்: எந்த நாள் எந்த மணி வரை, யார் எதைச் செய்வது, தவறினால் என்ன. முதல் ஏற்பாடு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வாரக் கடைசியில் உட்கார்ந்து, யாருக்கு இடித்தது என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு என்று பேசிய ஏற்பாடு பத்தாம் நாள் முறிந்தால், அதன்பிறகு வீடு பேச்சுக்கே வராது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் அவள் தாளில் பாத்திரமும் தண்ணீரும் தம்பியைப் பார்ப்பதும் ‘மா’ என்று இருக்கும். அவள் அதை மாறாத நேரம் என்றே நினைக்கிறாள். அது ‘கே’தான், கேட்கலாம் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். எப்போதும் ஒருத்தியே விட்டுக்கொடுத்து வீடு அமைதியாக இருந்தால் அதை ஒப்பந்தம் என்று சொல்லமுடியாது. அந்த வீட்டில் பேசவேண்டியது அம்மாவோடு மட்டுமில்லை. அம்மாவின் நேரமும் அதே போலத்தான் போகிறது. அண்ணன் காலையில் தண்ணீர் பிடிப்பது, அப்பா தம்பியைப் பள்ளியில் விடுவது என்று இரண்டு வேலை கைமாறினாலே தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து ஒருமணி நேரம் மிஞ்சும். பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதை வாய்விட்டுச் சொன்னால், மகள் சொல்வதைவிட எடை அதிகம்.

பேரம் பேசவே கூடாத இடங்கள் உண்டு என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு, அடி, தவறான தொடுதல், போதைப் பொருள் வாங்கிவரச் சொல்வது, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது ஆகியவற்றில் இருவருக்கும் கட்டுபடியாகிற நடுவழி என்று எதுவும் கிடையாது. நம்பிக்கையான ஆசிரியரிடம் உடனே சொல்லவேண்டும். 1098-க்கு அழைக்கலாம், பள்ளிக்கல்வித் துறையின் 14417-க்கும் அழைக்கலாம். இந்த எண்கள் வகுப்பறைச் சுவரில் பெரிதாக இருக்கவேண்டும். அனுசரித்துப் போகப் பழக்கும் பாடம், அனுசரிக்கக் கூடாததைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து.

நண்பர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பற்றி: ‘நீ என் உயிரியல் ரெக்கார்டுக்குப் படம் வரைஞ்சு கொடு, நான் உனக்குக் கணக்கு எழுதித் தரேன்’ என்பது இருவருக்கும் லாபம் போலத் தெரியும். தேர்வு அறையில் ஒருவனுக்குப் படம் வராது, இன்னொருவனுக்குக் கணக்கு வராது. செய்து கொடுப்பதை விட்டுச் சொல்லிக்கொடுப்பதை மாற்றிக்கொள்ளவேண்டும்: 20 நிமிடம் இவன் படம் வரையச் சொல்லிக்கொடுக்கட்டும், 20 நிமிடம் அவன் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுப்பவனுக்கும் பாடம் உறுதியாகும்.

வகுப்பு முழுவதற்கும் இதைச் செய்ய ஒரு முறை இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது எழுந்த பகையைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. 36 பேர் உள்ள வகுப்பு என்றால் ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். பாடத்தை ஆறு பகுதியாக வெட்டி, குழுவில் ஒருவருக்கு ஒரு பகுதி மட்டும் கொடுக்கவேண்டும். ஒரே பகுதி வாங்கிய ஆறு பேரும் தனியாகக் கூடி 15 நிமிடம் அதைப் படித்து, எப்படிச் சொல்வது என்று பேசிக்கொள்வார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு நான்கு நிமிடம் வீதம் மற்ற ஐந்து பேருக்குச் சொல்வார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தனியாக எழுதும் சின்னத் தேர்வு. மற்ற ஐந்து பேர் சொல்வதைக் கேட்காமல் யாராலும் முழுப்பாடத்தையும் எழுதமுடியாது. எனவே இதுவரை பேசாதவனையும் பேசவிட்டுக் கேட்பார்கள். இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றில் அடக்கினால் சொல்லும் பகுதி அரைகுறையாகும்.

இதில் தவறும் இடங்கள் நான்கைந்து உண்டு. நன்றாகப் படிக்கும் ஒருவரே எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குவார். குழுவுக்கு ஒரு தலைவரை வாராவாரம் மாற்றி, நேரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தால் அடங்கும். வராதவரின் பகுதி காணாமல் போகும். அந்தப் பகுதிக்காகக் கூடியவர்களில் ஒருவர் இரண்டு குழுவுக்கும் சொல்லலாம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதல் கூட்டத்தில் ஆசிரியர் பக்கத்தில் உட்காரவேண்டும், இல்லாவிட்டால் குழுவுக்கு முன் அவமானப்படும். பெரிய தவறு, குழுவைப் பிள்ளைகளையே பிரித்துக்கொள்ளச் சொல்வது. அப்படி விட்டால் தெருவாரியாகத்தான் பிரிவார்கள். கையில் கட்டிய கயிற்றின் நிறமே குழுவின் எல்லையாகிவிடும். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் அரசிடம் அளித்த அறிக்கை மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கப் பரிந்துரைத்தது. குழுக்களையும் அதே அகர வரிசையில் எண்ணிப் பிரித்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இனி பள்ளி தன் பக்கம் செய்யவேண்டியது. பிள்ளைகளின் அவசரத்தில் பாதியை நாமே உண்டாக்குகிறோம். ஐந்து பாட ஆசிரியர்களும் ஒரே வாரத்தில் ரெக்கார்டு கேட்கிறார்கள், ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் அறையில் ஒரு மாதக் காலண்டரைத் தொங்கவிட்டு, ஒப்படைக்கும் நாளை ஒவ்வொருவரும் அதில் எழுதட்டும். ஒரு வகுப்புக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் எழுத இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்கு வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கத்தை ஏழு மணியோடு நிறுத்துங்கள். அந்த ஒரு செய்திக்காக வீட்டின் ஒரே போன் பதினொரு மணி வரை பிள்ளை கையில் இருக்கிறது. சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு முடியவேண்டும் என்பதைக் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளித் தேர்வுத் தேதியைத் தீர்மானிக்கும் முன், ஊரில் அறுவடை எந்த வாரம் என்று மேலாண்மைக் குழுவில் உள்ள விவசாயிகளைக் கேளுங்கள். பொதுத்தேர்வை நகர்த்தமுடியாது, வகுப்புத் தேர்வை நகர்த்தலாம்.

மேலாண்மைக் குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கிராம நிர்வாக அலுவலரையும் இ-சேவை மையத்தாரையும் பள்ளிக்கே அழைத்துச் சான்றிதழ் வேலையை முடித்துக்கொடுங்கள். பெயர்ப் பிழைகளை முந்தைய வாரமே பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பாதி விண்ணப்பம் திரும்பாது. ஊர்ப்புற நூலகமோ சமுதாயக் கூடமோ, மாலை ஆறு முதல் எட்டரை வரை விளக்கெரிந்து, மின்விசிறி சுற்றி, பெண் பிள்ளைகள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாக ஊருக்கு ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். கூட்டமான வீட்டில் 40 நிமிடம் சேர்ந்தாற்போலக் கிடைக்காத பிள்ளைக்கு அறிவுரையைவிட ஓர் இடமே உதவும்.

வகுப்பு எடுப்பவருக்குத் தனிப் பட்டம் வேண்டாம். பிள்ளைகள் தாமாக வந்து பேசும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பாடவேளையை முழுதாகக் கொடுங்கள். பாடம் முடியவில்லை என்று வேறு ஆசிரியர் கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் இரண்டு மாதம் மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. அதற்கு முன் தெரிவது வேறு: ரெக்கார்டுகள் முந்தின ராத்திரி எழுதியதாக இல்லாமல் வரும், காலை முதல் பாடவேளையில் தூங்கி வழிவோர் குறைவார்கள், ‘அப்பாவிடம் நீங்க பேசுங்க சார்’ என்று வந்த பிள்ளை தானே பேசிவிட்டு வந்து சொல்லும். ஒவ்வொரு வகுப்பிலும் இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே அந்த 34 வரித் தாளைப் பிரதியெடுத்து ஒன்பதாம் வகுப்புக்கும் பிளஸ் ஒன்னுக்கும் கொடுத்துத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் ஜூலை வரை பொறுக்கலாம். அவர்களுக்குச் சான்றிதழ் வேலையிலிருந்து தொடங்குவதே எளிது. தாளின் மாதிரியும், வகுப்பில் பேசிப் பழக வேண்டிய உரையாடல்களும் கேட்கும் பள்ளிகளுக்கு எழுதித் தரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டங்களில் பதின்பருவப் பிள்ளைகளோடு பணிபுரியும் ஆசிரியர்களும் ஆலோசகர்களும்